மகன் உயரத்துக்கு ஒரு கப்பல்

எங்கள் வீட்டு முன்னறையில் ஏறத்தாழ ஐந்து மாதம் ஒரு பாய்க்கப்பல் கிடந்தது. யன்னலுக்குக் கீழே தொடங்கி அலுமாரி வரைக்கும் நீண்டிருந்ததால், வீட்டுக்கு வருகிற ஓரிருவரும் அதைச் சுற்றிப் போய்த்தான் கதிரையில் உட்கார முடிந்தது. கடலிலிருந்து வெகுதூரம், கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டைக்கு மேலே, தெருவிலிருந்து படியிறங்கி வர வேண்டிய ஒரு மலைச்சரிவு வீடு எங்களுடையது. இங்கே கப்பல் எதற்கு என்று கேட்டவர்களிடம் ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது போக வேண்டாமா என்றேன். உண்மைக் காரணத்தை நேர்த்திக்கடன் முடியும் வரை வெளியே சொல்லக் கூடாது என்று என் மனைவி கட்டளை போட்டிருந்தாள். இப்போது சொல்லலாம்.

எங்கள் மகன் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்கிறான். கடந்த ஆண்டுத் தொடக்கத்தில், செங்கடல் பக்கம் கப்பல்கள் தாக்கப்படுவதாகச் செய்திகள் வந்துகொண்டிருந்த நாட்களில், அவன் போன் நின்றுபோனது. கடைசியாகப் பேசியபோது, ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகச் சொல்லலாம், எதுவும் உறுதியில்லை என்றிருந்தான். கொழும்பில் ஆள் அனுப்பும் அலுவலகத்தில் கேட்டால், பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரே வாக்கியத்தை ஒவ்வொரு நாளும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒரு ஞாயிறு போனது. அடுத்த ஞாயிறும் வந்தது.

அந்த இரண்டாவது ஞாயிறு பூசை முடிந்து, மாதா சுரூபத்துக்கு முன் என் மனைவி நெடுநேரம் முழங்காலில் இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் சொன்னாள். பிள்ளைக்குக் கடும் நோய் வந்தால் பிள்ளையின் உயரத்துக்கு மெழுகுதிரி கொடுப்பதாக நேர்வது எங்கள் வழக்கம். உச்சியிலிருந்து குதிகால் வரை நூலால் அளந்து, அந்த நூலையே திரியாக வைத்து வார்ப்பார்கள். இவனுக்கு மெழுகுதிரி போதாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

"அவன் உயரத்துக்கு ஒரு பாய்க்கப்பல் தர்றேன்னு சொல்லிட்டேங்க," என்றாள்.

ஏன் பாய்க்கப்பல் என்று கேட்டேன். மாலுமிகளை மாதா காப்பாற்றுகிற படத்தில் புயலில் தத்தளிப்பது பாய்க்கப்பல்தானே என்றாள். கோயிலையே கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தாலும் அன்றைக்கு நான் சரி என்றிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை அவன் பேசினான். ஆப்பிரிக்கப் பக்கம் ஏதோ ஒரு துறைமுகம்; குரலைவிட இரைச்சல்தான் கூட. மழையையும் நல்லது கெட்டதையும் திகதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் எனக்குண்டு. அன்றைய பக்கத்தில் 'பேசினான்' என்ற ஒரு சொல்தான் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு கழிந்த வாரம் வீட்டுக்கே வந்து சேர்ந்தான். கொஞ்சம் மெலிந்து, முடி வளர்த்து, நல்ல பசியோடு.

வந்த மறுநாள் காலையில் அவனைக் கதவு நிலையில் முதுகு ஒட்ட நிற்க வைத்து, என் மனைவி வெள்ளை நூலால் அளந்தாள். அவள் வீட்டிலேயே பாடசாலைச் சீருடை தைப்பவள். அளவெடுக்கும்போது பேச மாட்டாள். நூலை முடிச்சிட்டுக் கையில் எடுத்த பிறகுதான் சொன்னாள்: உனக்காக நேர்ந்த கப்பலைக் கோயிலில் கொடுத்த பிறகுதான் நீ அடுத்த கப்பலில் ஏறலாம்.

அவன் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். விடுமுறை நீளமாகத் தெரிந்தது. மூன்று மாதத்தில் முடித்துவிடுவேன் என்று நானும் தைரியமாகச் சொன்னேன்.

நான் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்து ஓய்வு பெற்றவன். காகிதத்தில் மயிரிழை பிசகாமல் கோடு போடத் தெரியும். உளி பிடித்துப் பழக்கமில்லை. கப்பல் கட்டுவதைப் பற்றிப் பல ஆண்டுகளாக வாசித்திருக்கிறேன். கடலைப் பார்த்ததோ விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைகள். மகன் கடலிலேயே வாழ்கிறவன், ஆனால் பாய்களைப் பற்றி அவனுக்கு என்னைவிடக் குறைவாகத்தான் தெரியும். "எனக்குக் கீழ இருக்கிற எஞ்சின்தான் தெரியும்பா. மேல காத்தடிச்சா கூட யாராவது வந்து சொன்னாத்தான் தெரியும்," என்றான். ஆக, கப்பல் தெரியாத இருவர் சேர்ந்து இரண்டு பாய்மரம் வைத்த ஒரு கப்பலைத் தொடங்கினோம்.

முதல் தவறு நீளத்திலேயே வந்தது. மகனின் மருத்துவச் சான்றிதழில் இருந்த உயரத்துக்கு நான் அடிக்கட்டையை அறுத்து, செதுக்கி, மெருகும் பிடித்துவிட்டேன். மனைவி நூலைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தாள். நூல் இரண்டு விரல் நீண்டிருந்தது. வளர்ந்த தலைமுடிக்கு மேலால் அளந்திருக்கிறாய் என்று நான் விளக்கினேன். நேர்த்தியில் கூடலாம், குறையக் கூடாது என்று அவள் முடித்துவிட்டாள். புதிதாக ஒரு கட்டை அறுத்தேன். அந்த நூலைப் புதுக் கட்டையின் நடுவே ஒரு கோடு கீறி, அதற்குள் படுக்க வைத்துப் பசையிட்டேன். கப்பலுக்குத் திரி எதற்கு என்று மகன் கேட்டான். மனைவி பசை காயும் வரை நூலின் நுனியை விரலால் அழுத்திப் பிடித்தாள்.

விலா எலும்புகளைப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் வெட்டினேன். எங்கள் பரணில் அப்படிப் பலகைகள் அடுக்கிக் கிடந்தன. பாரம் இல்லாமல் உறுதியானவை. மேலே போர்த்தும் கீற்றுகளுக்கு லுனுமிதெல்ல மரம். கடற்கரையில் தோணிக்கும் அதைத்தான் எடுப்பார்கள் என்று வாசித்திருந்தேன். கீற்றுகளை வளைக்க ஆவி வேண்டும். ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பிட்டுப் பானையின் வாயில் பொருத்தி, அதற்குள் கீற்றைச் செருகி அவித்தோம். முதலாவது முறிந்தது. இரண்டாவதும் முறிந்தது. மூன்றாவது, பொறுமையாகக் கேட்டால் கொடுப்பவன் போல மெதுவாக வளைந்து விலாவில் உட்கார்ந்தது. காய்கிற வரை உடுப்புக் கிளிப்புகளால் பிடித்து வைத்தோம். அந்த வாரம் பிட்டில் மரவாடை அடித்தது என்று மனைவி சொன்னாள். எனக்குத் தெரியவில்லை.

அந்த உற்சாகத்தில் இடப்பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் போர்த்திவிட்டேன். இரு பக்கமும் சோடி சோடியாகப் போர்த்திக்கொண்டு வர வேண்டும் என்று வாசித்தது, கப்பல் வாழைப்பழம் போல வளைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மகன் தரையில் கன்னம் வைத்துப் படுத்து, ஒரு கண்ணை மூடி அதைப் பார்த்தான்.

"அப்பா, இது நேரா போகாது. வட்டமாத்தான் சுத்தும்," என்றான். பிறகு, தாய் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குக் கேட்கும்படியாக, "நல்லதுதான். எங்க போனாலும் வீட்டுக்கே திரும்பி வந்துரும்."

கீற்றுகளை எல்லாம் கழற்றி மறுபடி தொடங்கினோம். அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு இலேசாகிறது. மகன் வீட்டுக்குள் இருக்கிறான், அரத்தாள் தேய்க்கும் சத்தம் கேட்கிறது, தேநீர் கேட்கிறான். வேறென்ன வேண்டும்.

பலகைகளைத் தெருவிலிருந்து கீழே இறக்குவதை, படிக்கு எதிரே பலசரக்குக் கடை வைத்திருக்கும் நானா பார்த்துக்கொண்டிருப்பார். அக்குறணை முஸ்லிம்; தெருவில் எல்லாருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். முழங்கால் நோவினால் எங்கள் படிகளில் ஒருநாளும் இறங்கியதில்லை. இத்தனை பலகை எதற்கு என்று ஒருநாள் கேட்டார். பொய்யும் சொல்ல முடியாமல் நேர்த்தியையும் சொல்ல முடியாமல், "ஒரு பெட்டி மாதிரி ஒண்ணு செய்றேன் நானா," என்றேன். என்ன நீளம் என்றார். ஆளுயரம் என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அன்று முதல் என்னைக் காணும்போதெல்லாம் உடம்புக்கு எப்படி என்று விசாரிப்பார். ஒருநாள் நல்ல பேரீச்சம்பழம் ஒரு பொதி கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். நல்ல மனிதர் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

பாய்களை என் மனைவி ஒரே பகலில் தைத்து முடித்தாள். சீருடை வெள்ளைத் துணி, ஓரம் மடித்து இரட்டைத் தையல். ஆடி முடியும்போது கப்பல் நிறமும் பூசி நின்றது. ஆவணியில் வரும் மாதா திருவிழாவுக்கே கொடுத்துவிடலாம் என்றேன். பெரஹரா ஊர்வலக் காலம், கண்டிக்குள் பாதைகளை மூடிவிடுவார்கள் என்றாள் மனைவி. அது உண்மைதான். அதோடு, பெரிய கப்பலுக்குப் பக்கத்தில் சின்ன உயிர்காப்புப் படகுகள் தொங்க வேண்டாமா என்றும் கேட்டாள்.

அதுவும் நியாயமாகப் பட்டது. இரண்டு படகு செய்தேன். இருக்கிற ஆட்கள் எல்லாரும் இரண்டில் ஏற முடியுமா என்றாள், நான்காக்கினேன். பிறகு நங்கூரம். ஒன்று போதாது, அறுந்தால் இன்னொன்று வேண்டும். பிறகு மிதவை வளையங்கள். ஊசி நுனியால் சிவப்புக் கோடு போட்டேன். தளத்தைச் சுற்றிக் கைப்பிடிக் கம்பி. அது உயரம் காணாது என்று மறுபடியும். அந்தக் காலத்துப் பாய்க்கப்பலில் இதெல்லாம் இருந்ததில்லை என்று படங்களைக் காட்டினேன். அதனால்தான் அதெல்லாம் கடலுக்கடியில் தாண்டுபோனது என்றாள்.

செப்டெம்பர் கடைசியில் சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும் என்று கொழும்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வாரத்துக்குள் ஓம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் வேறொருவருக்கு. மகன் தாயைப் பார்த்தான். அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, கப்பல் முடியட்டும் என்றாள்.

அன்று பின்னேரம் நானும் அவனும் மேல்தளத்துக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம். தணிந்த குரலில் சொன்னான்: "இது முடியவே முடியாதுப்பா. முடிஞ்சா நான் போயிருவேன்ல. அம்மா சாமான் கேக்குறாங்க, நீங்க செஞ்சு குடுக்குறீங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் இழுக்குறீங்க."

எனக்கு அந்த எண்ணம் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். தூரிகையை எண்ணெயில் தோய்த்துக்கொண்டேன். அவனுக்குத் தன் வேலை பிடிக்கும். வீட்டில் இருந்த நாட்களிலும் தண்ணீர் மோட்டார் ஓடினால் காதைக் கொடுத்துக் கேட்பான். இரண்டாம் நிலைப் பொறியியலாளர் பரீட்சை எழுதுவதற்குக் கப்பலில் இன்னும் சில மாத வேலை வேண்டும் என்றும் எனக்குத் தெரியும்.

மனைவி கடைசியாகக் கேட்டது கயிற்று ஏணி. நான் தொடுவதற்குள் மகனே உட்கார்ந்து, மெழுகு பூசிய நூலில் ஒவ்வொரு படியாக முடிச்சுப் போட்டு, அதைக் கொண்டுபோய்த் தையல் மெஷின்மேல் வைத்தான். "இந்தாங்கம்மா ஏணி. இனி?"

அவள் ஒவ்வொரு முடிச்சையும் நகத்தால் இழுத்துப் பார்த்தாள். எதுவும் அவிழவில்லை. "சனிக்கிழமை கொண்டு போவோம்," என்றாள். மாதாவின் பிறந்தநாள் திருவிழாவுக்கு முந்திய சனிக்கிழமை. மகன் கொழும்புக்கு அழைத்துச் சம்மதம் சொன்னான். அவள் வாக்கைக் காப்பாற்றினாள், அவ்வளவுதான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் பெட்டி அடுக்கிய அறைப் பக்கமே போகவில்லை. இந்த முகத்தோடு இருக்கிற இவளை விட்டுவிட்டு அவன் எப்படிப் போவான் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

சனிக்கிழமை காலை தூறல். பாய்மரங்களைக் கழற்றி வைக்கும்படி முன்பே அமைத்திருந்தேன். அவற்றைப் பாய்களோடு சுருட்டித் தனியாகக் கட்டினேன். நிறத்தில் நீர் படக் கூடாது என்று கப்பல் உடலை மிச்சமிருந்த சீருடைத் துணியால் நன்றாகச் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு போட்டேன். படியின் வளைவுகளுக்கு ஒடுங்கிய முனைதான் முதலில் போக வேண்டும். முன்னால் நான். பாரம் இறங்கும் கீழ்ப்பக்கம் மகன். குனிந்து தோளில் தாங்கியதால் மேலேயிருந்து பார்த்தால் அவன் தெரியவே மாட்டான். பின்னால் மனைவி, நேர்த்தி செலுத்தும்போது உடுத்தும் வெள்ளைச் சேலையில், ஒரு கையில் செபமாலை, மறு கையில் கறுப்புக் குடை. எல்லாவற்றையும் திட்டமிட்டிருந்தேன். பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதைத் தவிர.

மேலே வாடகைக்குப் பேசிய சின்ன லொறி நின்றது. சாரதி எங்களைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பக்கத்துச் சலூன்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். நானா கடைக்குள்ளிருந்து நொண்டிக்கொண்டு வந்து படியின் தலைப்பில் நின்றார். என் முகத்தைப் பார்த்தார், பின்னால் வரும் வெள்ளைச் சேலையைப் பார்த்தார்.

"யாரு?" என்றார், மெல்ல.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். பின்னால் தூக்குவது யார் என்று கேட்கிறார் என்று நினைத்தேன்.

"மகன்," என்றேன்.

நானாவின் கை தலைக்குப் போனது. இன்னாலில்லாஹி என்று தொடங்கி முழுவதையும் முணுமுணுத்தார். அவர் கண் நிறைந்ததைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கடைப்பையனிடம் சைகை காட்டினார். கதவு கரகரவென்று பாதி இறங்கியது. துக்க வீட்டுக்கு மரியாதையாக எங்கள் தெருவில் அப்படித்தான் செய்வார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாய் திறப்பதற்குள், வெள்ளைத் துணிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது.

"அப்பா, அங்க நின்னு கதைக்காதீங்க. எனக்குத் தோள் கழலுது."

நானா பின்னுக்கு நடந்து போய், கடை வாசலில் இருந்த அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

கப்பலைத் தெருவோரம் இறக்கி வைத்தோம். என் மனைவி குடையை மடக்கி, பாதி இறங்கிய கடைக் கதவையும், தொப்பியைக் கையில் வைத்திருந்த சாரதியையும், நானாவின் ஈரக் கண்களையும் பார்த்தாள். அந்த இரண்டு ஞாயிறுகளிலும் எங்கள் இருவர் மனத்திலும் இருந்ததை நாங்கள் ஒருவரிடம் ஒருவர் சொன்னதில்லை. இப்போது அது தெருவில் எல்லார் முகத்திலும் இருந்தது.

"நானா, இது கப்பல்," என்றாள். "இவன் உயரத்துக்கு நேர்ந்து செஞ்சது. இவன் இந்தா நிக்கிறான்." மகனின் கையைப் பிடித்துக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக் காட்டினாள். "இந்தா."

நானா எழுந்து வந்து அவன் தோளைத் தொட்டார், முழங்கையைத் தொட்டார். பிறகு என்னிடம் திரும்பினார். "பெட்டி செய்றேன் எண்டு சொன்னீங்களே மனுசன். நான் ஒங்களுக்குத்தான் எண்டு நெனச்சி எத்தின நாள் கவலப்பட்டீக்கிறேன். ஒங்களுக்குப் பேரீச்சம்பழம் வேற." சலூன்காரர்தான் முதலில் சிரித்தார்.

லொறிச் சாரதி, நாவலப்பிட்டிப் பக்கத்து ஆள், தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சாதாரணமாகச் சொன்னார்: "ஒண்ணும் யோசிக்காதீங்கம்மா. உசிரோட இருக்கிறவன செத்துட்டதா சொன்னா ஆயுசு கெட்டி. இவருக்கு இனி ஒண்ணும் ஆகாது."

இது எங்கள் பக்கம் எல்லாரும் சொல்வதுதான். நானும் நூறு தடவை கேட்டிருக்கிறேன். என் மனைவி அவரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அவர் மறுபடியும் சொன்னார். கதவையே இறக்கியாச்சே, இனி யார் வந்து இவனைக் கேட்டாலும் கிடையாது என்று நானாவும் சேர்த்துக்கொண்டார். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாமல் மதகுச் சுவரில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். நானா எல்லாருக்கும் பிளேன்டீ போடச் சொன்னார்.

லொறியின் பின்னால் நானும் மகனும் கப்பலை அணைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவள் முன்னால். மகாவலிப் பாலத்தைத் தாண்டும்போது, நடுவிலிருந்த சின்னக் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள்.

"சிங்கப்பூர்ல ஏறுறப்ப குளிருமாடா? அந்த நீலச் சுவெட்டரைக் கழுவிப் போடணும்."

அங்கே குளிராது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கழுவிப் போடுங்கம்மா என்றான்.

கோயிலில் பாதர் கப்பலைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். இவ்வளவு பெரிய காணிக்கையைத் தொங்கவிடக் கூரையிலுள்ள வளையம் தாங்காது என்று, மாதா சுரூபத்துக்குக் கீழே ஒரு மேசை போடச் சொன்னார். பாய்மரங்களை நட்டு, கயிறுகளை இழுத்துக் கட்டினோம். காற்றில்லாத அந்த இடத்தில் பாய்கள் தைத்த கைக்கு மரியாதை கொடுத்து விறைப்பாக நின்றன. பாதர் தீர்த்தம் தெளித்தார். மகன்மேலும் தெளிக்கச் சொன்னாள் மனைவி. போதுமான அளவு படவில்லை என்று இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள்.

அவன் சும்மா இருக்காமல், அடுத்த முறை என்ன நேரப்போகிறீர்கள் என்று கேட்டான்.

"நான் ஒண்ணும் நேர மாட்டேன். இனி நீதான் நேரணும்," என்றாள். "எங்க இருந்தாலும் ஞாயித்துக்கெழம பேசுறேன்னு மாதாகிட்ட சொல்லிட்டு வா. போ."

விளையாட்டாகத்தான் போனான். ஆனால் முழங்காலிட்டதும் எழும்பச் சற்று நேரமெடுத்தது. நாங்கள் வெளியே வந்து தூறலில் நின்றோம்.

மாதக் கடைசியில் அவன் போனான். பெட்டியை அவளே பிரித்து மறுபடி அடுக்கினாள். சுவெட்டர் அடியில் இருந்தது. விமான நிலையத்திலிருந்து திரும்பும்போது நான்தான் கண் மூடாமல் வந்தேன். அவள் வழியெல்லாம் தூங்கினாள்.

ஞாயிறுகளில் பேசுகிறான். சில வாரம் தொடர்பு கிடைக்காவிட்டால் திங்களில். அதற்கும் ஒரு மன்னிப்புச் சொல்லிவிடுகிறான். தொடக்கத்தில் தொடர்பு அறும் வரைக்கும் போனைப் பிடித்துக்கொண்டிருப்பாள். போன வாரம் அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அவன் ஏதோ துறைமுகத்தில் குடித்த தேநீர் எவ்வளவு மோசம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். "சரி சரி, போய் வேலையப் பாரு," என்று போனை என்னிடம் நீட்டிவிட்டுக் குசினிக்குப் போய்விட்டாள்.